கொஞ்சம் நீலம்

ஆர்டிஸ் ஹௌகன் திரைக்கு முன்னால் நிற்பாள்.
நான் பெட்டிக்குப் பின்னால், முழங்காலிட்டு,
இடக்கை கால்சட்டைப் பைக்குள்.
இருபத்தைந்தாயிரம் வோல்ட்டிடம்
இரண்டு கையையும் நீட்டாதே என்பது
இந்த வேலையின் முதல் பாடம்.
நிறம் தெரிய வேண்டும் என்பது இரண்டாவது.
அதில் நான் தேறவில்லை.

சிவப்பும் பச்சையும் எனக்கு
ஒரே சேற்றின் இரண்டு பெயர்கள்.
கடற்படையில் சேரப் போனபோது
புள்ளிகள் நிறைந்த அட்டையைக் காட்டி
என்ன எண் என்றார்கள்.
எண்ணா, எங்கே என்றேன்.

ஆனாலும் டுலூத்தில், என் வீட்டு நிலவறையில்,
பதினோரு வண்ணத் தொலைக்காட்சிகள்.
அறுபதுகளின் உருண்டைத் திரைகள்,
இரண்டு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கும்
வால்நட் மரப் பெட்டிகள்.
மெழுகு வடிந்த மின்தேக்கிகளை வெட்டி எறிந்து
புதியதைப் பற்றவைக்க நிறம் தேவையில்லை.
மின்தடையின் வண்ணப் பட்டைகளை நான் படிப்பதில்லை,
மீட்டரை வைத்துக் கேட்டுக்கொள்வேன்.

கடைசி வேலைக்குத்தான் ஆள் வேண்டும்.
போன் அடித்தால் பக்கத்து வீட்டிலிருந்து வருவாள்,
முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்,
பூட்ஸில் பனியோடு படியிறங்கி.
"சிவப்பு இடது பக்கம் ஓடுது.
இன்னும். இன்னும். நில்லு.
தாண்டிட்ட."
மூன்று புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து
வெள்ளையாகும் கணம்
எதிரே சாய்த்து வைத்த கண்ணாடியில்
எனக்கும் தெரியும்.
அந்த வெள்ளையைப் பார்த்து அவள் எப்போதும் சொல்வது:
"கொஞ்சம் நீலம் போடு."

இதை அளக்கக் கருவி உண்டு.
விலை அதிகம் என்று வாங்கவில்லை.
விலை அவ்வளவு அதிகமில்லை.

போன ஜனவரியில் ஒரு படக்குழல் வந்தது,
முகக் கண்ணாடிக்கும் காப்புக் கண்ணாடிக்கும் நடுவே
பசை அழுகி, விளிம்பெல்லாம் வெண்திட்டு.
கண்புரை என்றுதான் நாங்கள் சொல்வோம்.
வெந்நீர்ப் பைகளைச் சாத்திச் சூடேற்றி
பியானோக் கம்பியை இடுக்கில் நுழைத்து
ஒரு முனை அவள், மறு முனை நான்,
ரம்பம் போல இழுத்துக்கொண்டிருந்தோம்.
"எனக்கும் இதுதானாம்" என்றாள், கம்பியை விடாமல்.
"பிப்ரவரியில வலது. மார்ச்சுல இடது."

ஏரியில் பனிப்பாளம் உடையத் தொடங்கியபோது வந்தாள்.
ஒவ்வொன்றாகப் போடச் சொன்னாள்.
ஏழாவதுக்கு மேல் போட விடவில்லை.
"ஆர்வோ, எல்லாரும்
குளிர்ல விறைச்சுச் செத்தவங்க மாதிரி இருக்காங்க."

அவள் கண்ணுக்குள் ஊறிய மஞ்சளை
எட்டு வருடம் பெட்டி பெட்டியாக
நீலம் போட்டு வெளுத்திருக்கிறேன்.
"உனக்குமா தெரியல?" என்றாள்.

தெரியும்.
நீலம் எனக்குத் தெரியும், ஆர்டிஸ்,
அட்டை காட்டியவர்கள் என்னிடம்
விட்டுவைத்த நிறம் அது ஒன்றுதான்.
முதல் பெட்டியிலேயே பார்த்தேன்,
ஒரு சமையல்காரம்மாவின் மாவு படிந்த கை
விடியற்காலை ஏரி நிறத்தில் இருந்தது.
குருடனுக்கு எதற்கு ராஜமுழி என்று
திருகைத் திருப்பினேன்.

கோபம் வரவில்லை அவளுக்கு.
கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்து, விற்றுப்போன நாலை
விரல்விட்டு எண்ணினாள்.
க்ளோகேயில் பௌலிங் கூடம் நடத்துகிறவரைப்
போனில் பிடித்தோம்.
"நீலமா? நல்லாத்தானே இருக்கு" என்று வைத்துவிட்டார்.

மீதியைத் தொடங்கினோம்.
காந்தம் களையும் வளையத்தைத் திரை முன்னால்
திருஷ்டி சுற்றுவதுபோல் சுற்றி
மெல்லப் பின்வாங்கி அணைத்தேன்.
சிவப்புக்கும் பச்சைக்கும் பழைய இடங்கள்.
நீலத்துக்கு மட்டும் இடம் மாறினோம்:
அவள் பின்னால், முட்டி வலியைத் திட்டிக்கொண்டு,
இடக்கை கோட்டுப் பைக்குள்.
நான் முன்னால்.

"சொல்லு" என்றாள்.
குறை என்றேன்.
"இன்னுமா?"
இன்னும்.
நில்லு என்று சொல்லக்
கொஞ்சம் தாமதமாகிவிட்டது.
பழக்கமில்லை.